மறை காத்தலும் முறைகேடு உரைத்தலும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி வத்தல்மலையில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவெய்தும் இவ்வேளையில், இம்மலையின்மேல் ஓர் இளைஞர் கூட்டம் நடத்த வேண்டும் என்று முடிவு செய்த நிர்வாகக் குழுவினரை முதற்கண் பாராட்டுகின்றோம். தருமபுரி நகரினின்றும் புறப்பட்டு, கொண்டை ஊசி வளைவுகள் பல ஏறி இவ்விடம் வந்து சேர்வது இன்று வண்டியில் ஆகிறது. சாமையையும் கேழ்வரகையும் தலைச்சுமையாக இறக்கி, நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிச் சென்ற நாள்களைப் பெரியூரிலும் பால்சிலம்பிலும் சின்னாங்காட்டிலும் உள்ள முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சாலை வந்தது, பள்ளி வந்தது, சாலையின் வழியே அரசின் உதவிகளும் வந்தன. அவ்வுதவிகளின் பின்னாலேயே தரகர்களும் வந்தனர். அத்தரகர்களைப் பற்றியும், அவர்தம் செயலை அலுவலக மேசையிலிருந்து காண நேரும் நம் இளைஞர்களைப் பற்றியுமே இன்று பேச விழைகின்றோம்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நம் கேள்வி, நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வார்களா என்பதாக இருந்தது. இன்று அப்பிள்ளைகளுள் பலர் வேலைக்குச் சென்றுவிட்டனர். கணிப்பொறிப் பதிவாளராகவும், கிராம உதவியாளராகவும், அங்கன்வாடிப் பணியாளராகவும், அஞ்சல்காரராகவும், நியாயவிலைக் கடை விற்பனையாளராகவும் அவர்கள் அமர்ந்திருக்கின்றனர். மனுவை ஏந்தி வாசலில் நின்ற குலம் இன்று மனுவைப் பெறும் மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கிறது. இது சிறிய மாற்றம் அன்று.

ஆனால் அங்கே அமர்ந்தவுடன் இரண்டு கடமைகள் வந்து சேர்கின்றன. அலுவலகத்தில் அறிந்ததை வெளியே கூறாதிருத்தல் ஒன்று. பொதுப்பணம் களவுபோவதைக் கண்டால் கூறுதல் மற்றொன்று. இரண்டும் அறமே. இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது யாது செய்வது என்பதே நம்முன் உள்ள வினா.

நாம் செய்த பிழை

இவ்வினாவை ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் சங்கத்தின் மாலை வகுப்பில் பயின்ற தம்பி ஒருவர், ஓர் அலுவலகத்தில் தற்காலிகப் பதிவாளராகப் பணியேற்றார். அவர் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்பதை முதன்முதலாகக் கண்டவர் அவரே. ஓர் இரவு நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கூறினார்:

“ஐயா, உதவித்தொகைப் பட்டியலில் பதினொரு பெயர்களுக்கு ஒரே கைப்பேசி எண் இருக்கிறது. அந்தப் பதினொருவரில் ஏழு பேருக்குக் காணி நிலமும் இல்லை என்பது எனக்கே தெரியும். அந்த ஏழு பேரில் ஒருவர் என் பெரியம்மா. இதை நான் யாரிடம் சொல்வது? சொல்லலாமா, கூடாதா?”

நாம் என்ன விடை கூறினோம் தெரியுமா? “தம்பி, அலுவலகத்துச் செய்தி அலுவலகத்தோடு இருக்கட்டும். வாயைத் திறந்தால் உன் வேலை போகும், பெரியம்மாவும் பகையாவார். பார்த்ததை மறந்துவிடு” என்றோம். அவரும் நம் சொல்லை மதித்து மறந்தார்.

சில மாதங்கள் சென்றன. மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. அக்கைப்பேசி எண்ணுக்குரிய தரகர் கடையைப் பூட்டிக்கொண்டு வேற்றூர் சென்றுவிட்டார். வங்கிக் கணக்கோ பெரியம்மாவின் பெயரில் இருந்தது. வந்த பணத்தில் பாதியைத் தரகர் முன்னரே பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் திருப்பிச் செலுத்துமாறு வந்த அறிவிப்பு முழுத்தொகைக்கும் வந்தது. அத்தாய் இரண்டு ஆடுகளை விற்றுக் கட்டினார். நம் தம்பியின் கதி என்ன? அவருடைய கடவுச்சொல்லை வாங்கி வேறொருவர் பதிவு செய்திருந்தமையால் அவரும் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். அவர் பணி புதுப்பிக்கப்படவில்லை.

யாரைக் காப்பதற்காக வாயை மூடச் சொன்னோமோ, அவர்கள் இருவருமே அழிந்தனர். யாரைப் பற்றி நாம் நினைக்கவே இல்லையோ, அவர் தப்பினார். இப்பிழையை இச்சபையில் ஒப்புக்கொள்வது நம் கடமை எனக் கருதுகின்றோம்.

மறை காத்தல் ஏன் வேண்டும்?

இவ்வாறு கூறுவதனால், அலுவலகத்து மறையெல்லாம் வெறும் மூடுதிரை என்று எவரும் கருதிவிட வேண்டா. மறை காத்தல் ஏழைக்கே முதலில் தேவைப்படுவது. செல்வர் தம் துன்பத்தைத் தம் வீட்டுச் சுவருக்குள் வைத்துக்கொள்கிறார். ஏழையோ, உதவி பெறுவதற்காகத் தன் நோயையும் வறுமையையும் கைம்மையையும் ஓர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவன் எழுதிக் கொடுத்தது அவ்வுதவிக்காக மட்டுமே. ஊர் பேசுவதற்காக அன்று.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. காசநோய்க்கு மருந்துண்போர்க்குச் சத்துணவின் பொருட்டு மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்ந்தது. அப்பணம் யார் பெறுகிறார் என்று சொன்னாலே, யாருக்குக் காசநோய் என்று சொன்னதாகிவிடும். மணமாக வேண்டிய ஒரு பெண்ணின் பெயர் அப்பட்டியலில் இருந்து, அது தேநீர்க் கடையில் பேசப்படுமாயின் அவள் வாழ்வு என்னாகும்? 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை மாளிகைவாசிகளுக்கு மட்டும் உரியதன்று; மண்வீட்டுக்கும் உரியது.

அரசு ஊழியர்க்குச் சட்டமும் இதனையே விதிக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, அனுமதியின்றி அலுவலகச் செய்தியை வெளியிடுதலைத் தடை செய்கின்றன. ஆகவே, பணியேற்கும் நம் இளைஞர்கள் இதனை முதற்பாடமாகக் கொள்ளல் வேண்டும்: மேசையில் கண்ட நோய், மேசையில் கண்ட கடன், மேசையில் கண்ட குடும்பச் சண்டை, இவை மனைவியிடமும் கூறத்தக்கவை அல்ல.

எது மறை அன்று?

எனினும், மறை என்னும் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த செய்தி மறை. ஒருவர் நமக்குத் தெரியாமல் செய்த களவு மறை ஆகாது. முன்னதைக் காப்பவர் நம்பிக்கைக்குரியவர். பின்னதைக் காப்பவர் உடந்தையாளர்.

பொதுப்பணம் யாருக்குச் செல்கிறது என்பதைச் சட்டம் பெரும்பாலும் வெளிச்சத்தில்தான் வைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், மானியத் திட்டங்கள் நிறைவேற்றப்படும் முறையையும், ஒதுக்கிய தொகையையும், பயனாளிகளின் விவரத்தையும் ஒவ்வொரு பொது நிறுவனமும் தானே முன்வந்து வெளியிட வேண்டும் என்று 4ஆம் பிரிவில் கூறுகிறது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராம சபையே கணக்குகளைச் சமூகத் தணிக்கை செய்யும் முறையை 17ஆம் பிரிவில் ஏற்படுத்தியது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாள் செய்திகளுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் இருந்த விலக்கை விரிவாக்கிற்று என்பது உண்மையே. ஆயினும், பொதுநலன் மிகுந்து நிற்குமாயின் செய்தியைத் தரலாம் என்னும் 8(2) உட்பிரிவு அச்சட்டத்தில் நிலைத்தே இருக்கிறது.

2020ஆம் ஆண்டில் நம் தமிழகத்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். நிலமுடைய உழவர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வழங்கும் மத்திய அரசின் திட்டம் 2019இல் தொடங்கியது. 2020 ஆகஸ்டு அளவில் தமிழ்நாட்டில் பதிவுகள் திடீரெனப் பெருகின. ஆய்ந்து பார்த்தபோது, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் உழவரல்லாதார் பல்லாயிரவர் உழவராகப் பதியப்பட்டிருந்தனர். 110 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடாக எடுக்கப்பட்டதாக அன்றைய வேளாண்மைத் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி 2020 செப்டம்பரில் அறிவித்தார். 80 பேர் பணியிலிருந்து நீக்கப்பட்டனர் என்றும், 34 பேர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர் என்றும் அன்று கூறப்பட்டது. குற்றப்பிரிவுக் குற்றப் புலனாய்வுத் துறையினர் விசாரித்தனர்.

அக்களவு எவ்வாறு நடந்தது? பூட்டை உடைத்தவர் எவரும் இலர். அலுவலர்க்கு மட்டும் உரிய கடவுச்சொற்கள் தரகர் கைக்கும் கணிப்பொறிக் கடைகளுக்கும் சென்றன. மறை காக்க வேண்டிய இடத்தில் மறை காக்கப்படவில்லை. அதன் விளைவாகிய களவைக் கண்டபோதோ, ‘அலுவலக மறை’ என்று வாய் மூடப்பட்டது. திறந்திருக்க வேண்டியது மூடியும், மூடியிருக்க வேண்டியது திறந்தும் கிடந்த அந்த அலங்கோலத்தில் இலட்சக்கணக்கான ஏழைகள் குற்றவாளிகளைப்போல் வங்கி வாசலில் நின்றனர்.

ஐயம் என்பது சான்று அன்று

இவ்விடத்தில் இன்னொரு பக்கத்தையும் கூறாவிடின் நம் உரை குறையுடையதாகும். ஐயப்படுவோர் எல்லோரும் நேர்மையாளர் அல்லர். ஐயப்படப்பட்டோர் எல்லோரும் திருடரும் அல்லர். உதவி பெறும் ஏழையைத் திருடன் என்று ஐயுறுவது இவ்வுலகத்தின் பழைய வழக்கம்.

நெதர்லாந்து நாட்டில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பெற்றோர்களுள் ஏறத்தாழ 26,000 பேர் மோசடி செய்தவர்கள் என்று தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். முழுத்தொகையையும் திருப்பிக் கட்டுமாறு கூறியதனால் பல குடும்பங்கள் கடனில் மூழ்கின. வேற்று நாட்டுப் பூர்வீகம் உடையோர்மீது மிகுதியாக ஐயம் பாய்ந்தது என்பதும் வெளிப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகிற்று. செல்வம் மிக்க நாட்டிலேயே சிறுபான்மையினர் நிலை இதுவாயின், சாதி என்னும் கண்ணாடியணிந்து பார்க்கும் நம் நாட்டில் ஐயம் முதலில் யார்மீது பாயும் என்று கூறவும் வேண்டுமோ?

நம் நாட்டிலும் சான்று உண்டு. ஜார்க்கண்டு மாநிலத்தில் ஆதாரோடு இணைக்கப்படாத குடும்ப அட்டைகள் நீக்கப்பட்டன. 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் சந்தோஷி குமாரி என்னும் பதினொரு வயதுச் சிறுமி இறந்தாள். அட்டை நீக்கப்பட்டு அரிசியின்றிப் பசியால் இறந்தாள் என்று தாய் கூறினார். மலேரியாவே காரணம் என்று அதிகாரிகள் மறுத்தனர். காரணம் எதுவாயினும், அக்குடும்பத்தின் அட்டை நீக்கப்பட்டிருந்தது என்பது மறுக்கப்படவில்லை. போலியை ஒழிக்கப் புறப்பட்ட கத்தி உண்மையானவர் கழுத்திலும் விழும்.

திருவள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஒற்றாடலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பிறர் குறையை முதுகுக்குப் பின் பேசுவதைப் பழித்த அதே பெருமகனார், நாட்டில் நடப்பதை அறிய வேண்டுவது ஆள்வோர் கடமை என்றும், ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு தேர்ந்த பின்னரே ஏற்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். கூறுவதற்கும் கோள் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. கோள் சொல்பவன் கேட்பவனைத் தேடுவான். உண்மை உரைப்பவன் தேர்ந்து பார்ப்பவனைத் தேடுவான்.

மூவகையினர்

தகுதியின்றி உதவி பெறுவோர் எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்துதல் தகாது. அறியாமையால் பெற்றோர் ஒரு வகையினர். தரகன் கைரேகை கேட்டான், வைத்தனர். வறுமையால் விதியை மீறினோர் மற்றொரு வகையினர். 1962இல் தமிழகத்தில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோது அது மாதம் 20 ரூபாய். 2023இல் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தொகைக்காக வயதை ஓரிரண்டு ஆண்டு கூட்டிச் சொன்ன கிழவியைக் கண்டு நாம் கொதித்தெழ வேண்டுவதில்லை. தகுதியான திட்டத்திற்கு அவரை மாற்றிவிட வழி தேடுவோம். பிறர் பெயரில் பணம் பறிப்போர் மூன்றாம் வகையினர். இறந்தவர் பெயரில் ஓய்வூதியம் எடுப்பவர், ஒரே எண்ணில் பதினொருவரைப் பதிபவர், படிக்காத மாணவன் பெயரில் கல்வி உதவித்தொகை பெறும் நிறுவனம், போலிச் சாதிச் சான்றிதழ் கொண்டு நம் இடத்தில் அமர்பவர் ஆகியோர் இவ்வகையினர். நம் சினம் செல்ல வேண்டிய இடம் இதுவே.

போலிச் சான்றிதழைப் பற்றி ஒரு சொல். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி தருமபுரி முதலிய குறிப்பிட்ட மாவட்டங்களில் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். ஈரோட்டு மலைகளில் வாழும் அதே மலையாளி மக்களுக்கு அவ்வுரிமை கிட்டாமையால் அவர்கள் நெடுங்காலமாகப் போராடி வந்துள்ளனர். உண்மையான மலைமகன் சான்றிதழின்றி அலைய, மலையையே காணாதவன் பழங்குடிச் சான்றிதழோடு கல்லூரியில் இடம் பெற்றால் அது களவன்றி வேறென்ன? 1994ஆம் ஆண்டில் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் கொடுமையை உணர்ந்து, சான்றிதழ்களை ஆராயும் குழுக்களை மாநிலங்கள் அமைக்குமாறு பணித்தது. 1944இல், அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராய் இருந்த காலத்தில், தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. அதில் ஒரு ரூபாயைத் திருடுபவன் அரசின் பெட்டியிலிருந்து திருடவில்லை. நம் பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து திருடுகிறான்.

எவ்வாறு உரைப்பது?

இனி நடைமுறைக்கு வருவோம். முறைகேடு என்று ஐயுறும் நம் இளைஞர் செய்யத்தக்கவை ஐந்து.

முதலாவது, கண்டதையும் எண்ணியதையும் பிரித்தல். ‘பதினொரு பெயர்க்கு ஒரே எண்’ என்பது கண்டது. ‘இன்னார் திருடிவிட்டார்’ என்பது எண்ணியது. கண்டதை மட்டும் நாளும் இடமும் குறித்து எழுதுக.

இரண்டாவது, உரிய இடத்தில் உரைத்தல். அலுவலகத்திற்குள்ளேயே மேலலுவலர்க்கு எழுத்தில் தெரிவிப்பது மறையை மீறுவது ஆகாது. 1996 ஜனவரியில், பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் மேற்குச் சிங்பூம் மாவட்டத்தின் துணை ஆணையர் அமித் கரே, சாய்பாசாவில் கருவூலப் பட்டியல்களைச் சோதித்துக் கால்நடைத் தீவன ஊழலை வெளிக்கொணர்ந்தார். அவர் ஆய்ந்தவை அரசின் தாள்களே. பயன்படுத்தியது தம் பதவியின் அதிகாரமே. மேலலுவலரே ஐயத்திற்குரியவராயின் அவர்க்கும் மேலுள்ளோர்க்கு எழுதுக. அரசு ஊழியர் கையூட்டும் களவும் ஆயின் 1964இல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இருக்கிறது. தேநீர்க் கடையும் கைப்பேசிக் குழுவும் உரிய இடங்கள் அல்ல.

மூன்றாவது, பிறர் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோகாதிருத்தல். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் படமெடுத்து வைப்பவர், நாளை தாமே குற்றவாளி ஆவார். எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று குறித்தால் போதும், விசாரிப்போர் எடுத்துக்கொள்வர்.

நான்காவது, தம் கடவுச்சொல்லை எவர்க்கும் தாராதிருத்தல். கேட்பவர் அதிகாரியாயினும், உறவினராயினும், ‘அவசரம்’ என்று கூறினும் தரலாகாது. உங்கள் கடவுச்சொல் உங்கள் கையெழுத்து.

ஐந்தாவது, தம் பெயரைக் காத்தல். சத்தியேந்திர துபே என்னும் பொறியாளர் பீகாரில் தேசிய நெடுஞ்சாலைப் பணியில் கண்ட முறைகேடுகளைப் பற்றி 2002இல் தலைமை அமைச்சர்க்கு எழுதினார். தம் பெயரை வெளியிட வேண்டா என்று வேண்டியிருந்தார். அக்கடிதம் பல அலுவலகங்களுக்குப் பெயரோடு சென்றது. 2003 நவம்பர் 27ஆம் நாள் கயையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்குப் பின்னரே 2004இல், மத்திய அரசுத் துறைகளைப் பற்றி மத்திய கண்காணிப்பு ஆணையத்திற்குப் பெயர் மறைத்து உரைக்கும் ஏற்பாடு வந்தது. தகவல் உரைப்போரைக் காக்கும் சட்டம் 2014இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றும், பத்தாண்டுகள் கடந்தும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. எனவே சட்டத்தை மட்டும் நம்பித் தனியே இறங்குதல் அறிவுடைமை ஆகாது. மறை காத்தல் என்பது உரைப்பவனின் பெயரைக் காத்தலையும் உள்ளடக்கியது என்பதை நாடு ஓர் உயிரைக் கொடுத்துக் கற்றது.

சமூகத்தின் கடமை

‘ஊரையே விழுங்கியவர்கள் உலவுகின்றனர், நம்மவர் இரண்டாயிரம் பெற்றால் மட்டும் குற்றமா? நம்மவரை நாமே காட்டிக்கொடுப்பதா?’ என்று சிலர் கேட்பர். அக்கேள்வியில் உள்ள வலியை நாம் மதிக்கின்றோம். ஆனால் எண்ணிப் பாருங்கள். பெரியம்மாவைக் காட்டிக்கொடுத்தது உரைத்தலா, உரையாமையா? அன்றே அத்தம்பி மேலிடத்திற்கு எழுதியிருந்தால், முதல் தவணையோடு நின்றிருக்கும், தரகர் அகப்பட்டிருப்பார், ஆடுகள் தொழுவத்தில் இருந்திருக்கும்.

உடன் பணியாற்றுவோரைக் காக்கும் மௌனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாவட்டத்தைவிட நன்கறிந்தவர் யார்? 1992 ஜூன் 20ஆம் நாள் வாச்சாத்தியில் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இழைத்த கொடுமையை இங்குள்ள எவரும் மறவார். 269 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2011இல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்ததோடு, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பணித்தது. செய்தவர் மட்டுமன்று, அறிந்தும் அடங்கியிருந்தவரும் விடை கூற வேண்டும் என்பதன்றோ அதன் பொருள்? நமக்கு அன்று வேண்டியிருந்த நேர்மையை, இன்று மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் நாம் பிறர்க்கு அளிக்கக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

ஆகவே சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். உண்மை உரைக்கும் இளைஞரைத் தனியே விடாதீர்கள். வேலை இழந்து வந்தால் அவர் குடும்பத்திற்குச் சில மாதங்கள் துணை நிற்போம். மனு எழுதத் தெரிந்த மூத்தோர் இருவரும், சட்டம் அறிந்த ஒருவரும் அவரோடு அமர்ந்து, எதைக் கூறலாம், எதைக் கூறலாகாது என்று பிரித்துக் கொடுக்கட்டும். கிராம சபையில் பயனாளிகள் பட்டியல் படிக்கப்படும்போது நம் தாய்மார்கள் சென்று கேட்கட்டும்; ஊரறியப் படிக்கப்படும் பட்டியலில் போலிப் பெயர் நெடுநாள் நிற்காது. ஊர் தானே கேட்குமாயின், ஒரு தற்காலிகப் பதிவாளர் தனித்து நின்று உயிரைப் பணயம் வைக்க வேண்டிய தேவையும் எழாது. நம் மக்கள்மீது பொய்ப்புகார் வருமாயின், அதனையும் அதே உறுதியோடு எதிர்கொள்வோம். பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் ஊறு விளைவிக்கப் பொது ஊழியரிடம் பொய்த்தகவல் தருவதை 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

அந்தத் தம்பி இன்று இக்கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் பெயரை நாம் கூறப்போவதில்லை. அது நாம் காக்க வேண்டிய மறை. சென்ற வாரம் அவரிடம் சென்று, ‘அன்று உனக்குத் தவறாக வழி காட்டினோம்’ என்று கூறினோம். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்து, ‘ஐயா, இனி வேறொரு பையன் வந்து கேட்டால் சரியாகச் சொல்லுங்கள்’ என்றார். அவருக்களித்த வாக்கை நிறைவேற்றவே இம்மலையேறி வந்தோம்.

பிறர் துன்பத்தைக் கேட்டால் நெஞ்சில் பூட்டுங்கள். பிறர் பணம் களவுபோவதைக் கண்டால் உரிய இடத்தில் உரையுங்கள். இரண்டையும் ஒன்றோடொன்று மயங்கவிடாத இளைஞர் கூட்டமொன்று இம்மலையிலும் இவ்வடிவாரத்திலும் உருவாகுமாயின், நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பு வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.